மேடையேற வைக்க எந்த விளையாட்டு? புள்ளிப் பட்டியலா, அணியா, முத்திரை அட்டையா

ஜூலை பிறந்தால், மேடைப் பேச்சைப் பழகிக்கொள்ளக் கூடும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் புது நிர்வாகக் குழு பொறுப்பேற்கும். ஏழு பேர் யாராவது ஒருவர் வீட்டில் உட்கார்ந்து வருஷத் திட்டம் போடுவார்கள். அங்கே கட்டாயம் ஒருவர் கேட்பார்: "போன வருஷம் பாதிப் பேர் வாயே திறக்கலை. பாயின்ட், பரிசு, டீம்னு கேம் மாதிரி ஏதாவது வைக்கலாமா?"

தாராளமாக வைக்கலாம். எதை வைப்பது என்பதுதான் கேள்வி. கோவையில் மாதம் இரண்டு ஞாயிறு கூடும் ஒரு மன்றத்தில் கல்விப் பிரிவுத் துணைத் தலைவராக இருந்தேன். யார் எப்போது பேசுவது, யாருக்கு என்ன பொறுப்பு என்று அட்டவணை போடும் வேலை. கீழே சொல்லப்போகிறவற்றில் பெரும்பாலானவற்றை நாங்களே செய்து பார்த்தோம். சிலது பலித்தது. ஒன்று, வருவதற்கு ஆசைப்பட்டுக்கொண்டிருந்தவர்களையே தள்ளி நிற்க வைத்தது.

எந்த யோசனையையும் எடைபோடுவதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்: இந்த விளையாட்டு யாரை அசைக்க வேண்டும்? ஒரு மன்றத்தில் 24 உறுப்பினர்கள் என்று வையுங்கள். ஆறேழு பேர் எப்படியும் பேசுவார்கள். அவர்களுக்குப் பரிசே தேவையில்லை, மைக் கிடைத்தால் போதும். இன்னொரு ஆறேழு பேர் சந்தா கட்டியதோடு சரி. நடுவில் பத்துப் பேர் இருக்கிறார்கள். தவறாமல் வருவார்கள், பின்வரிசையில் உட்காருவார்கள், கைதட்டுவார்கள், டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். "அடுத்த மாசம் பேசறேங்க" என்பார்கள். அந்தப் பத்துப் பேருக்காகத்தான் விளையாட்டு. அவர்களில் நான்கு பேர் எழுந்தால் வெற்றி. முதல் வரிசை இன்னும் வேகமாக ஓடினால் அதை நான் வெற்றியாக எண்ண மாட்டேன்.

புள்ளிப் பட்டியல்

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். எங்களுக்கும் தோன்றியது. உரைக்குப் பத்துப் புள்ளி, அடுத்தவர் உரையை மதிப்பிட்டுச் சொல்வதற்கு ஐந்து, நேரம் பார்க்கும் டைமர் போன்ற சிறு பொறுப்புகளுக்கு இரண்டு. கூட்டம் நடந்த ஞாயிறு சாயங்காலமே வாட்ஸப் குழுவில் பட்டியல் வரும். முதல் இரண்டு கூட்டம் திருவிழா மாதிரி இருந்தது. ஐந்தாவது கூட்டத்துக்குள் மேலே மூன்று பெயர்கள் நிலைத்துவிட்டன. அவர்களை எட்டிப் பிடிக்க முடியாது என்று தெரிந்ததும் மற்றவர்கள் பட்டியலைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்.

வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அம்மா பட்டியலில் எப்போதும் கடைசி மூன்றில் இருப்பார். ஒருநாள் நாற்காலி அடுக்கும்போது சொன்னார்: "சார், அந்த லிஸ்ட் வர்ற நேரத்துல நான் போனையே எடுக்கறதில்லைங்க. ஆபீஸ்ல டார்கெட், இங்கேயும் டார்கெட்டுங்களா?" அன்று எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. பேச்சுப் பயத்தைப் போக்கிக்கொள்ள வந்தவரை, வாரக் கடைசியிலும் தராசில் நிறுத்திவைத்திருக்கிறோம்.

இதில் ஒரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. பட்டியல் போடுவதற்கு முன்பே நான் அதைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் கூட்டம் ஒன்றில் தயாரித்த உரைகள் மூன்று. மாதம் இரண்டு கூட்டம் என்றால் ஆறு மாதத்துக்கு 36 உரை வாய்ப்புகள். 24 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒன்றரை. மூன்று பேர் ஆளுக்கு ஐந்து முறை பேசினால் 15 போய்விடும். மிச்சமிருக்கும் 21 பேருக்குத் தலா ஒரு வாய்ப்பு. அதாவது உரைக்கு அதிகப் புள்ளி கொடுத்தால், ஒருவர் எடுக்கும் புள்ளி இன்னொருவரின் வாய்ப்பிலிருந்து வருகிறது. தயங்குகிறவர் தயங்கி முடிப்பதற்குள் வேகமானவர் அட்டவணையில் பெயர் போட்டுவிடுவார். நாங்கள் பட்டியல் போட்ட மூன்று மாதத்தில் இருந்த 18 உரைகளில் ஒன்பது அந்த மூன்று பேருடையவை.

ஆனால் மன்றத்தில் வாய்ப்பு என்பது உரை மட்டுமா? அன்றைய நிகழ்ச்சியை நடத்தும் டோஸ்ட்மாஸ்டர், திடீர்த் தலைப்புக் கொடுத்துப் பேச வைக்கும் டேபிள் டாபிக்ஸ் மாஸ்டர், கூட்டம் முழுவதையும் எடைபோடும் பொது மதிப்பீட்டாளர், மூன்று உரை மதிப்பீட்டாளர்கள், டைமர், "ஆ", "ம்ம்" தடுமாற்றங்களை எண்ணும் ஆ கவுண்டர், மொழிப் பயன்பாட்டைக் கவனிக்கும் கிராமேரியன் என்று ஒன்பது பொறுப்புகள். அப்புறம் டேபிள் டாபிக்ஸில் தயாரிப்பில்லாமல் பேச ஆறு பேர். கூட்டினால் ஒரு கூட்டத்துக்கு 15, ஆறு மாதத்துக்கு 180. முப்பத்தாறுக்கு அடித்துக்கொள்ள வைப்பதா, 180-ஐ நிரப்ப வைப்பதா என்று கேட்டுக்கொண்டால், எந்த விளையாட்டு நல்லது என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

"மொழி கற்கும் செயலி டுவோலிங்கோவில் லீக் என்று புள்ளிப் பட்டியல் வேலை செய்கிறதே?" என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே 30 பேர் கொண்ட குழு வாராவாரம் கலைந்து புதிதாகிறது. நமக்குக் கீழே இருப்பவர் முகம் தெரியாதவர், நம் மேலே இருப்பவரும் அப்படியே. மன்றத்தில் கடைசிப் பெயருக்குரியவர் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அமெரிக்காவில் மைக்கேல் ஹானஸ், ஜெசி ஃபாக்ஸ் இருவரும் ஒரே பாடம் படித்த இரண்டு கல்லூரி வகுப்புகளை 16 வாரம் ஒப்பிட்டு 2015-இல் வெளியிட்ட ஆய்வும் இங்கே நினைவுக்கு வருகிறது. பட்டியலும் பதக்கமும் இருந்த வகுப்பில் ஆர்வமும் திருப்தியும் குறைந்தன. இறுதித் தேர்வு மதிப்பெண்ணும் பின்தங்கியது. எங்கள் சின்ன மன்றத்தில் நான் கண்டதும் ஏறக்குறைய அதேதான்.

என் முடிவு: பெயர் போட்ட தரவரிசை எந்த வடிவத்திலும் வேண்டாம். அலுவலகத்துக்குள் நடக்கும் மன்றமாக இருந்தால், மேலாளரும் அவருக்குக் கீழே வேலை செய்பவரும் ஒரே பட்டியலில் நிற்பார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

ஏற்கெனவே இருப்பவை

புதிதாக எதையும் சேர்ப்பதற்கு முன், மன்றத்தில் ஏற்கெனவே எத்தனை விளையாட்டுகள் நடக்கின்றன என்று பார்க்க வேண்டும். கூட்டம் முடிவில் ஓட்டுப் போட்டுச் சிறந்த பேச்சாளர், சிறந்த மதிப்பீட்டாளர், சிறந்த டேபிள் டாபிக்ஸ் பேச்சாளர் என்று ரிப்பன் கொடுக்கிறோம். இது இருக்கட்டும். சுவையான பத்து நிமிடம், யாரையும் புண்படுத்துவதில்லை. ஆனால் ஒரே ஆள் தொடர்ந்து நான்கு முறை வாங்கினால் மற்றவர்களுக்குச் சலித்துவிடும். பல பேர் பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வராமல் போன அன்றே மேடைக்குக் கும்பிடு போட்டவர்கள். அந்தப் பழைய வலியை ரிப்பனால் கிளறிவிடக் கூடாது.

டோஸ்ட்மாஸ்டர்ஸின் பாத்வேஸ் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு பாதைக்கும் ஐந்து நிலைகள், நிலை முடித்தால் இணையத்தில் பதக்கம். பாடமாக அது அருமை. தூண்டுகோலாக மட்டும் பார்த்தால் தூரம் அதிகம். முதல் நிலையைத் தாண்டவே நான்கு உரையாவது பேச வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒன்றரை வாய்ப்பு இருக்கும் இடத்தில் அதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அத்தனை மாதம் ஒரு குறியும் விழாத பாதையில் புதியவர் எதைப் பார்த்து நடப்பார்?

மன்றத்துக்கென்றே ஒரு பெரிய ஆட்டமும் உண்டு. ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை பத்து இலக்குகள். ஐந்தை எட்டினால் ஒரு சிறப்புத் தகுதி, ஏழுக்கு அதற்கு மேல், ஒன்பதுக்கு அதற்கும் மேல். உறுப்பினர் எண்ணிக்கைக்கும் நிபந்தனை உண்டு. எல்லோரும் ஒரே பக்கம் நின்று ஆடுகிற ஆட்டம் என்பதால் எனக்கு இது பிடிக்கும். கூட்டம் நடக்கும் அறைச் சுவரில் ஒரு சார்ட் ஒட்டி, இலக்கு முடியும்போதெல்லாம் முடித்தவர் கையாலேயே வண்ணம் அடிக்க வைத்தோம். நன்றாக இருந்தது. ஆனால் மே, ஜூனில் கணக்கு முடிக்கும் அவசரத்தில் "சீக்கிரம் ரெண்டு உரை பேசிடுங்க" என்று ஆட்களைத் துரத்தத் தொடங்கினால், உறுப்பினர் மன்றத்துக்காக உழைப்பவராக மாறிவிடுவார். மார்ச்சுக்குப் பிறகு சார்ட்டைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொள்வது நல்லது.

அப்புறம் அந்த "ஆ", "ம்ம்" அபராதம். ஒரு தடுமாற்றச் சொல்லுக்கு ஒரு ரூபாய் உண்டியலில் போட வேண்டும் என்று சில மன்றங்களில் வழக்கம். பழைய ஆட்களுக்குள் வைத்துக்கொண்டால் கலகலப்பு. ஐஸ் பிரேக்கர் என்னும் முதல் அறிமுக உரையைப் பேசியவரிடம் "உங்களுக்கு 23 ரூபாய்" என்றால், அவர் வீட்டுக்கு எடுத்துப்போவது அந்த 23 மட்டும்தான். முதல் மூன்று உரைகள் வரை யாருக்கும் அபராதம் இல்லை என்று எழுதிவைத்துவிடுங்கள்.

அணிகள்

தமிழ்நாட்டு ஆட்களுக்கு அணி என்றால் பட்டிமன்றம் நினைவுக்கு வராமல் இருக்காது. இந்த அணிக்கு மூன்று பேர், அந்த அணிக்கு மூன்று பேர், நடுவில் நடுவர். நடுவர் எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னார் என்பது வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடும், யார் என்ன சொல்லிச் சிரிக்க வைத்தார் என்பது மறக்காது. மன்றத்தில் அணி பிரிப்பதும் அந்தக் கணக்கில்தான் நன்றாக வேலை செய்யும்.

மன்றத்தை நான்கு அணிகளாக்கி, அணிக்கு ஆறு பேர் என்று வைத்தால் ஓர் அருமையான விஷயம் நடக்கும். அணியின் மூத்தவர் தயங்குகிறவரைத் தானே தேடிப்போய் "நீங்க டைமர் எடுங்க, நான் சொல்லித் தர்றேன்" என்பார். இதை எந்த நிர்வாகக் குழுவாலும் உத்தரவு போட்டு வாங்க முடியாது. கெடுதலும் அங்கேயே இருக்கிறது. அணி பின்தங்கினால் காரணம் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் வராத கூட்டத்தில் பெருமூச்சு விடுவார்கள்.

ஆகவே அணி வைப்பதாக இருந்தால் நான்கு கூட்டம், அதாவது இரண்டு மாதம், போதும். பிறகு கலைத்துவிட வேண்டும். அணியைக் குலுக்கல் போட்டுப் பிரியுங்கள். தலைவர்கள் ஆள் எடுக்கும் முறை வேண்டாம், கடைசியாக எடுக்கப்படுபவர் யார் என்று முன்கூட்டியே தெரியும். புள்ளியை "இன்று அணியில் எத்தனை பேர் வாய் திறந்தார்கள்" என்பதற்கு மட்டும் கொடுங்கள். ஒருவரே மூன்று பொறுப்பு எடுத்தாலும் ஒரு புள்ளிதான். அப்போதுதான் வேகமானவர் தன் வேகத்தை அடுத்தவர் மேல் செலவிடுவார்.

மாதக் குலுக்கல், அதாவது ஒரு பொறுப்புக்கு ஒரு சீட்டு, மாதக் கடைசியில் ஒரு புத்தகம் பரிசு என்பதையும் சிலர் சொன்னார்கள். சீட்டுப் பிடித்துப் பழகிய ஊரில் உடனே புரியும், கடைசி ஆளுக்கும் விழலாம் என்பது நியாயமாகவும் இருக்கும். கெடுதல் இல்லை. பேச்சோடு அதற்கு ஒட்டும் இல்லை என்பதால் இரண்டு மாதத்தில் சூடு ஆறிவிடும். தொடர்ச்சிக் கணக்கு, அதாவது விடாமல் இத்தனை கூட்டம் வந்தால் பரிசு என்பது, பெரியவர்களுக்குப் பொருந்தாது. கல்யாண சீசனில் ஒரு ஞாயிறு தவறியே தீரும். தவறிய அன்றே "இனி எதுக்கு" என்று தோன்றிவிடும்.

முத்திரை அட்டை

நான் கடைசியில் வந்து நின்ற இடம் இதுதான். கைக்கு அடக்கமான ஓர் அட்டை, பத்துக் கட்டம். டைமர், ஆ கவுண்டர், கிராமேரியன், டேபிள் டாபிக்ஸ் இரண்டு முறை, ஒரு மதிப்பீடு, ஓர் உரை, அடுத்தவரின் ஒத்திகையைக் கேட்டுக் கருத்துச் சொன்னது: இது எட்டு. மிச்சம் இரண்டு கட்டம், "மன்றத்தில் சேர்ந்தேன்", "எழுந்து நின்று என் பெயரைச் சொன்னேன்". இந்த இரண்டிலும் அட்டையைக் கொடுக்கும்போதே முத்திரை குத்தித் தந்துவிட வேண்டும்.

இந்த முன்முத்திரைக்கு ஒரு காரணம் உண்டு. ஜோசப் நூன்ஸ், சேவியர் ட்ரெஸ் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, கார் கழுவும் கடை ஒன்றில் நடந்தது. பாதிப் பேருக்கு எட்டுக் கட்டம் உள்ள வெற்று அட்டை. மீதிப் பேருக்குப் பத்துக் கட்டம், அதில் இரண்டில் முத்திரை குத்தியே கொடுத்தார்கள். இரண்டு தரப்பும் எட்டு முறை வந்தாக வேண்டும். வெற்று அட்டை வாங்கியவர்களில் 19 சதவீதம் பேர் முடித்தார்கள். இரண்டு முத்திரையோடு தொடங்கியவர்களில் 34 சதவீதம் பேர். வேலை ஒன்றுதான், ஆனால் தொடங்கியாகிவிட்டது என்ற நினைப்பு ஆளை இழுத்துக்கொண்டு போகிறது. பின்வரிசைக்காரருக்கு இதுதான் தேவை. அவர் ஏற்கெனவே வந்துவிட்டார் என்பதை ஒருவர் அங்கீகரிக்க வேண்டும்.

பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் எட்டு மாதமாக வந்துகொண்டிருந்தார், ஒரு பொறுப்பும் எடுத்ததில்லை. அட்டை கைக்கு வந்ததும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல பேசாம முடிக்கிற கட்டம் எதுங்க?" என்றார். டைமரைக் காட்டினேன். ஐந்து முதல் ஏழு நிமிட உரைக்கு ஐந்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு அட்டை காட்ட வேண்டும். அவ்வளவுதான் என்று நினைத்து ஒத்துக்கொண்டார். கூட்ட முடிவில் டைமர் எழுந்து ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று படிக்க வேண்டும் என்பது அங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. எழுந்தார். இரும்பு தூக்கித் தழும்பேறிய கை, அதில் ஒரு சின்னக் காகிதம் படபடவென்று ஆடியது. "முதல் பேச்சாளர், ஆறு நிமிடம் பன்னிரண்டு விநாடி" என்று தொடங்கி முப்பது விநாடியில் முடித்துவிட்டார். எல்லோரும் தட்டினோம். உட்கார்ந்ததும் செய்த முதல் வேலை, சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டியது. நான்காவது முத்திரைக்குப் பிறகு அவரே வந்து ஐஸ் பிரேக்கருக்குத் தேதி கேட்டார். தன் முதல் லேத்தை வாங்கிய கதையைப் பேசினார். அட்டை மட்டுமே அவரைப் பேச வைத்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முப்பது விநாடி அட்டை இல்லாமல் நடந்திருக்காது.

அட்டையில் மூன்று விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். அது உறுப்பினர் பையில் இருக்க வேண்டும், சுவரில் அல்ல. சுவருக்குப் போனால் அதுவும் தரவரிசைதான். முத்திரை செய்ததற்கு மட்டும், நன்றாகச் செய்ததற்கு அல்ல. நன்றாக இருந்ததா என்று சொல்ல மதிப்பீட்டாளர் இருக்கிறார், அவருக்கு இரண்டு மூன்று நிமிடம் கொடுத்திருக்கிறோம். மூன்றாவது, "விருந்தினர் ஒருவரை அழைத்து வந்தேன்" என்று ஒரு கட்டம் சேர்க்கலாமே என்று உறுப்பினர் சேர்க்கையைப் பார்ப்பவர் கேட்பார். சேர்க்காதீர்கள். அது மன்றத்தின் தேவை, பேசக் கற்க வந்தவரின் தேவை அல்ல.

அட்டை நிறைந்தால் என்ன பரிசு? பொருளாக எதுவும் வேண்டாம். அடுத்த கூட்டத்தின் கருப்பொருளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுத்தோம். லேத் பட்டறைக்காரர் "சத்தம்" என்று வைத்தார். அன்றைக்கு டேபிள் டாபிக்ஸ் அமர்க்களப்பட்டது.

பேச்சே விளையாட்டாக

இதுவரை சொன்னதெல்லாம் பேச்சுக்கு வெளியே வைக்கும் கூலி. 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வில், வரைவதில் ஏற்கெனவே ஆசையாக இருந்த மழலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் "வரைந்தால் சான்றிதழ் உண்டு" என்று முன்பே சொல்லி, வரைந்த பிறகு கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் அந்தப் பிள்ளைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதிதான். ஆசையோடு செய்ததைக் கூலி வேலையாக்கினால் இப்படி ஆகும். முத்திரை அட்டைக்கும் இந்த ஆபத்து உண்டு. அதனால்தான் அதை முதல் ஆறு மாதத்துக்கு மட்டும் வைக்கச் சொல்கிறேன்.

பேச்சையே விளையாட்டாக்கினால் இந்தச் சிக்கல் இல்லை. டேபிள் டாபிக்ஸ் அதற்கென்றே அமைந்த பகுதி: ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம், தலைப்பு முன்கூட்டித் தெரியாது. வழக்கம்போல் ஒரு கேள்வி கேட்டு ஆளைக் கூப்பிடுவதற்குப் பதில், ஒரு துணிப்பையில் வீட்டுச் சாமான்களைப் போட்டுக்கொண்டு வருவோம். கை விட்டு எடுத்தது கரண்டி என்றால் கரண்டியை விற்க வேண்டும். இன்னொரு முறை தொடர்கதை: ஒருவர் ஒரு நிமிடம் சொல்லி நடுவாக்கியத்தில் நிறுத்த, அடுத்தவர் அதே வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். வேறொரு நாள் இரண்டு பேரை நிறுத்தி, இட்லிக்குச் சட்னியா சாம்பாரா என்று வாதாட விட்டு, நடுவில் மணி அடித்ததும் கட்சி மாறச் சொன்னோம். "எனக்குப் பேச வராது" என்றவர்கள் சட்னிக்காக அடித்துக்கொண்டார்கள். நன்றாகப் பேச வேண்டும் என்ற நினைப்பே அங்கே வருவதில்லை, கரண்டியை எப்படி விற்பது என்பதுதான் மனசில் இருக்கும். 1924 அக்டோபர் 22 அன்று கலிபோர்னியாவில் சாண்டா அனா ஒய்எம்சிஏ கட்டடத்தில் முதல் மன்றத்தைத் தொடங்கிய ரால்ஃப் ஸ்மெட்லி, மகிழ்ச்சியாக இருக்கும் நேரத்தில்தான் நன்றாகக் கற்கிறோம் என்று சொன்னதாக மன்றங்களில் அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள். டேபிள் டாபிக்ஸ் நன்றாக அமைந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கண்ணால் பார்க்கலாம்.

இதன் குறை, யாராவது ஒருவர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் உட்கார்ந்து புதிதாக யோசிக்க வேண்டும். பொறுப்பை ஒரே ஆளிடம் விட்டால் மூன்றாவது மாதம் பை வீட்டிலேயே மறந்துபோகும். அட்டை நிறைத்தவரிடம் கொடுங்கள், அவருக்கு அப்போது உற்சாகம் மிச்சமிருக்கும்.

எந்த மன்றத்துக்கு எது

தொடங்கி ஒரு வருஷம் ஆகாத, பத்துப் பன்னிரண்டு பேர் வரும் மன்றம் என்றால் டேபிள் டாபிக்ஸ் விளையாட்டு மட்டும் போதும். எல்லோருக்கும் எப்படியும் வாய்ப்பு வரும், அட்டை தேவைப்படாது. இருபதுக்கு மேல் உறுப்பினர்கள் இருந்து பின்வரிசை கனத்துக் கிடந்தால் முத்திரை அட்டையும் டேபிள் டாபிக்ஸும் சேர்த்து. பழைய ஆட்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டு புதியவரைக் கவனிக்காத மன்றத்துக்கு இரண்டு மாத அணி நல்ல மருந்து. கல்லூரி மன்றம் என்றால் அணியை இன்னும் கொஞ்சம் நீட்டலாம், அந்த வயதுக்கு அது பிடிக்கும்.

பலன் வந்ததா என்று பார்க்க, பேசிய உரைகளை எண்ணாதீர்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை, முதல் முறையாக ஒரு பொறுப்பு எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அக்டோபரில் சந்தா புதுப்பிக்கும்போது அந்தப் பெயர்களில் எத்தனை திரும்ப வருகின்றன என்று ஒப்பிடுங்கள். இந்த இரண்டு எண் போதும். அட்டையை ஜெராக்ஸ் கடையில் கெட்டித்தாளில் அடிக்கச் சொல்லுங்கள், பத்துப் பதினைந்து அதிகமாகவே வாங்கிவையுங்கள். பேன்ட் பையோடு துவைத்துவிட்டு வந்து நிற்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு எத்தனை முத்திரை இருந்தது என்று அவர்கள் சொல்வதை அப்படியே நம்பி, புது அட்டையில் குத்திக்கொடுங்கள்.